முதல் மிதி முனீஸ்வரனுக்கு

இந்தக் காப்பியில் சீனி கூடுதல். பரவாயில்லை, குடிக்கிறேன். எங்கள் காலத்தில் கொடுத்ததைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இப்போது சீனி கூடினால் ஒரு புகார், குறைந்தால் ஒரு புகார், கடைக்காரன் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அதற்கும் ஒரு புகார். வண்டி வாங்குகிறவர்களும் அப்படித்தான். கண்ணாடியை இறக்கினால் சத்தம் வருகிறது, ஏர்கோன் மூக்கில் அடிக்கிறது, சீட்டு முதுகை உறுத்துகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்பதையும் அதே வாயால்தான் சொல்வார்கள். எதை நம்புவது, எதை விடுவது.

உங்களை ஐயா என்று கூப்பிட வேண்டுமென்று வாசலில் நின்ற போலீஸ்காரர் சொன்னார். என் கடைசி மகன் வயதுதான் இருக்கும் உங்களுக்கு. இன்ஸ்பெக்டர் என்பதால் கூப்பிடுகிறேன். தமிழில் கேட்கிறீர்கள், அதனால் சொல்வதும் சுலபம். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவன் நான். சுற்றி வளைத்துப் பேச வராது.

பெயர் பக்கிரிசாமி. மேரு ரோட்டில் இருக்கிற அந்த வண்டிக் கடையின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பழுது பார்க்கிற வேலை இல்லை. பழுது என்று வருகிற வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, உண்மையிலேயே பழுது இருக்கிறதா என்று சொல்கிற வேலை. அதற்கு முன்னால் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினேன். மாவு மூட்டை, சிமெண்டு, ரப்பர் கட்டு, எது ஏற்றினாலும் ஓட்டுவேன். முதுகு ஓய்ந்ததும் தவுக்கே என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். எங்கள் சீன முதலாளி. அவருக்கு மெக்கானிக்குகள்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, என் காலின்மேல்தான் நம்பிக்கை. “பக்கிரி சொன்னா ஓகே லா” என்பார். அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப்பில் சாவி மாட்ட இரண்டு ஆணிகள் உண்டு. உள்ளே சுவரில் ஒன்று, முன்பக்கம் கௌண்டருக்கு மேலே ஒன்று. வந்த வண்டியின் சாவி உள் ஆணியில் தொங்கும். நான் ஓட்டிப் பார்த்து, சரி என்றால் நானே அதைக் கொண்டுவந்து முன் ஆணியில் மாட்டுவேன். முன் ஆணிக்கு வந்துவிட்டால் வண்டி சொந்தக்காரரிடம் போகும். வேறு யாரும் அந்தச் சாவியைத் தொடமாட்டார்கள். படித்த மேனேஜரும் தொடமாட்டார். எனக்கு அது ஒரு மரியாதை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய ஜீப்பு வந்தது போன வருஷம். அதன் கம்பெனிப் பெயர் என் வாயில் நுழையாது. நாங்கள் காஜா என்போம், மலாயில் யானை. உயரம், அகலம், எட்டுப் பேர் உட்காரலாம். வசதியானவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். வாங்கிய சில மாதத்தில் ஒவ்வொருவராக வந்து ஒரே பாட்டைப் பாடினார்கள். பிரேக் மிதித்தால் மிதி கட்டை கீழே போய்விடுகிறதாம். எப்போதும் இல்லையாம், எப்போதாவதுதானாம். எப்போதாவது என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வயிற்று வலி என்று தோட்டத்தில் வேலைக்கு மட்டம் போடுகிறவன்கூட எப்போதாவதுதான் வலிக்கிறது என்பான்.

முதலில் வந்தவர் சண்முகரத்தினம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்து ஆள், கவர்மெண்டில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா.

“மிதிச்சா நிலத்தை முட்டுது. பிறகுதான் பிடிக்குது. நீர் ஒருக்கா ஓட்டிப் பாரும்” என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். வெறுங்காலில்தான் ஓட்டுவேன். காப்பார் ரோடு வரைக்கும் போய்த் திரும்பினேன். மிதித்த இடத்தில் நின்றது. ஒரு இடத்தில் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது, அதற்கும் நின்றது.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு இத்தன வருஷம் பேனா பிடிச்ச பழக்கம். பிரேக்குக் கட்டையயும் பேனா மாதிரி தொடுறீங்க, அதான்” என்றேன்.

பக்கத்தில் நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நான் பொய் சொல்றன் எண்டு சொல்றீரோ?” என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். சாவியை முன் ஆணியில் மாட்டினேன். பிறகு அவர் பாசார் சந்தை முன்னால் காய்கறி வேனில் மோதியதாகக் கேள்வி. காய்கறிக்குத்தான் சேதம். அவர் அந்த ஜீப்பை யாருக்கோ விற்றுவிட்டார். இப்போது யாரிடம் இருக்கிறதோ.

அடுத்து சுங்கை பூலோவிலிருந்து ஒரு குத்தகைக்காரர் வந்தார். அதே பாட்டு, அதே ரோடு, அதே முடிவு. அவர் வண்டியைப் பெரிய கால்வாயில் இறக்கிவிட்டார். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கால்தான். குடித்திருப்பார் என்று நான் சொன்னேன். குடிப்பவரா என்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடிபடாது.

நாங்கள் லோரி ஓட்டிய காலத்தில் பிரேக் என்பது இப்போது மாதிரி இல்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு பெந்தோங் மலையிலிருந்து இறங்கும்போது முதல் மிதிக்கு எதுவும் நடக்காது. கட்டை சும்மா இறங்கும். உடனே காலை எடுத்து மறுபடி மிதித்தால்தான் பிடிக்கும். ரோட்டோரம் அங்கங்கே மரத்தடியில் முனீஸ்வரன் கல் இருக்கும். கடக்கும்போது ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போவோம், சுருட்டு வைக்கிறவர்கள் சுருட்டு வைப்பார்கள். எங்களில் மூத்த டிரைவர்கள் பழகுகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, “மொத மிதி முனீஸ்வரனுக்கு, ரெண்டாவது மிதி நமக்கு” என்பதுதான். முதல் மிதியில் நின்றுவிட்டால் அன்றைக்கு அவர் நம்மோடு இருக்கிறார். நிற்காவிட்டால் அவர் பங்கை எடுத்துக்கொண்டார், நம் பங்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. யாரும் பயப்படுவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி ஓட்டினேன். கால் தன்னால் செய்யும். தட்டு, மிதி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. அது டொரத்தி இரண்டாம் முறை வரும்வரைக்கும் உண்மை.

டொரத்தி ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேதக்கார அம்மா. புருஷன் சிரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து ரயில்வேயிலேயே வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலிதான். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். இருவரும் கிள்ளானில் தனியாக இருந்தார்கள். காஜாவை அவர்கள் பவுசுக்கு வாங்கவில்லை. பின் கதவைத் திறந்து பலகையைச் சாய்த்தால், நாற்காலி சிரிலோடு அப்படியே உள்ளே ஏறும். நடு சீட்டைக் கழற்றிவிட்டு, நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டுவதற்கு அந்த அம்மா தானே வளையம் அடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிரிக்பீல்ட்ஸ் மாதா கோவிலில் பூசை பார்க்க வேண்டும் என்பார் சிரில். கிள்ளானில் கோவில் இல்லாமலா. பழகிய கோவில் வேண்டுமாம். அதற்காகத்தான் அந்த வண்டி.

முதல் முறை வந்தபோது நான் ஓட்டிப் பார்த்துச் சரி என்றேன். இரண்டாம் முறை வந்தார்.

“அங்கிள், கோவிச்சிக்காதீங்க. நீங்க ஓட்டுனா புடிக்குது, நான் ஓட்டுனா கீழ போகுது. என் பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு ரவுண்டு வாங்களேன். நான் ஓட்டுறேன், நீங்க பாருங்க.”

“நான் அடுத்தவங்க ஓட்டுற வண்டில ஏறுறதில்லம்மா.”

“ஏன் அங்கிள், பயமா?”

“பழக்கமில்ல.”

“பஸ்ல எப்புடிப் போறீங்க?”

“நடந்து போறேன்.”

சிரில் பின்னாலிருந்து சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. “விடு டொரத்தி. அண்ணே ஓட்டுனா வண்டி பயந்துகிட்டு நிக்குது. நீ அதட்டிப் பழகு” என்றார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், கால் வழுக்கும் என்று புத்தி சொன்னேன். அன்றைக்கே கடைக்குப் போய் ரப்பர் அடி வைத்த சப்பாத்து வாங்கினாராம். அப்படிச் சொன்னதைக் கேட்கிற மனுஷி.

அவர்கள் போன பிறகு ரபேல் என்னிடம் வந்தான். எங்கள் மெக்கானிக். அன்று காலையில் டொரத்தியின் வண்டியை நான் ஓட்டிப் பார்த்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் அவன்தான்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே.”

“சொல்லு, பாப்போம்.”

“உங்க கால் ரெண்டு தரம் போகுது.”

“என்னா ரெண்டு தரம்?”

“பிரேக்க ரெண்டு தரம் மிதிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும். மொத தடவ சும்மா தொடுறீங்க, அடுத்தது புடிக்குது. அவங்க எல்லாம் ஒரு தடவதான் மிதிப்பாங்க. உள்ள ரப்பர் ஏதோ சரியில்லண்ணே. மொத மிதிக்கு எண்ணெ திரும்பிப் போயிடுது. நீங்க மிதிச்சா அது என்னைக்குமே தெரியாது.”

“நீ என்னைக்கு லோரி ஓட்டுன?”

“ஓட்டலண்ணே.”

“அப்ப காலப் பத்தி எனக்குச் சொல்லாத.”

“சரி லா. ஒரு தடவ மட்டும் மிதிச்சுப் பாருங்க. அவ்ளோதான்.”

போய்விட்டான். நல்ல பையன்தான், மீசை நரைத்தவனைப் பையன் என்கிறேன். அவன்தான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நான் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை டொரத்தி மூன்றாம் முறை வந்தார். கண் வீங்கியிருந்தது. சமிக்ஞை விளக்கில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை இடிக்கப் பார்த்ததாகச் சொன்னார். “நான் நர்சா இருந்தவ அங்கிள். எத்தனையோ அடிபட்ட பிள்ளைங்களப் பாத்துட்டேன். என் கையால ஒண்ணு வேணாம்” என்றார். கோலாலம்பூர் தலைமைக் கடைக்கு போன் போட்டாராம். ரோட்டில் ஓட்டிப் பார்த்தவர் பழுது இல்லை என்று சொன்னால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்களாம். தவுக்கேயிடம் போனாராம், அவர் என்னைக் காட்டினாராம். எங்கே போனாலும் கடைசியில் என் காலில்தான் வந்து நின்றது.

சிரில் வண்டிக்குள்ளேயே இருந்தார். அவரை இறக்கி, வாசல் மரத்து நிழலில் விட்டேன். டொரத்தி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

நான் வண்டியை எடுத்தேன். ரோட்டுக்குப் போகவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது, கடைசியில் சுவர், சுவருக்கு முன்னால் பழைய டயர்கள் அடுக்கி வைத்திருப்போம். அங்கே யாரும் வரமாட்டார்கள். மெதுவாக ஓட்டிப் போய், டயர்களுக்குக் கொஞ்சம் முன்னால் மிதித்தேன். ஒரு தடவை. ரபேல் சொன்னான் என்பதற்காக இல்லை. அவன் சொன்னது தப்பு என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள.

காலை இரண்டாம் முறை தூக்காமல் வைத்திருப்பது எவ்வளவு சிரமம் தெரியுமா. தும்மலை அடக்குகிற மாதிரி. முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கட்டை கீழே போய்த் தரையைத் தொட்டது. வெறுங்கால், அதனால் நன்றாகத் தெரிந்தது. சேற்றில் கால் வைத்த மாதிரி. வண்டி நிற்கவில்லை. டயர் அடுக்கில் போய் முட்டி, அடுக்கு சரிந்து, நான்கைந்து டயர் உருண்டு, அதன் பிறகு நின்றது.

பின்னால் எடுத்து மறுபடி செய்தேன். பிடித்தது. இன்னொரு தடவை. பிடித்தது. ஆக, ஒரு தடவைதான் போனது. ஒரு தடவை போவதை வைத்து ஒரு வண்டியைக் கெட்டது என்று சொல்லலாமா. மனுஷனே நாளில் ஒரு தடவை தடுக்கி விழுகிறான்.

இறங்கி, சரிந்த டயர்களை எடுத்து முன்னே இருந்தபடி அடுக்கினேன். பம்பரில் கறுப்பாக ஒட்டியிருந்ததைத் துணியால் துடைத்தேன். கை கழுவினேன். அப்போது யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். உள் ஆணியில் மாட்டினால் தவுக்கே கேட்பார், என்ன கோளாறு என்று. பிரேக் போகிறது என்று சொல்ல வேண்டும். அப்படியானால் சண்முகரத்தினம் பொய் சொல்லவில்லை. சுங்கை பூலோக்காரர் குடித்திருக்கவில்லை, அவர் காலுக்குக் கணக்கு என்னிடம் வந்துவிடும். நான் சரி என்று விட்ட காஜா எல்லாம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகள் முன்னால், ரபேல் முன்னால் சொல்ல வேண்டும். சிரித்த வாயெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

பிறகு எனக்கே தோன்றியது. முதல் மிதி எப்போது நம்முடையதாக இருந்தது. அது முனீஸ்வரனுடைய பங்கு. அவர் எடுத்துக்கொண்டார். என் பங்கான இரண்டாவது மிதியை நான் மிதிக்கவே இல்லை, வேண்டுமென்றே காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். மிதித்திருந்தால் நின்றிருக்கும். அப்படியென்றால் பழுது வண்டியில் இல்லை.

சாவியைக் கொண்டுபோய் முன் ஆணியில் மாட்டினேன்.

டொரத்தி ஓடி வந்தார். “என்னா அங்கிள்?”

“நல்லாருக்கு.”

“ஒரு தடவ கூடக் கீழ போகலயா?”

இதுவரைக்கும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டவர்கள் இரண்டு பேர். அவர் ஒருவர், இப்போது நீங்கள் ஒருவர். மற்றவர்கள் எல்லாம் வண்டி எப்படி என்றுதான் கேட்டார்கள்.

“ஒரு தடவ கூட இல்ல” என்றேன்.

அவர் முகம் எப்படி ஆகிவிட்டது என்றால், பழுது இருக்கிறது என்று சொன்னால்தான் சந்தோஷப்பட்டிருப்பார் போல இருந்தது. வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப என் மேலதான் கோளாறு. வயசாயிடுச்சி” என்றார். நான் அதை மறுக்கவில்லை.

சிரிலை ஏற்ற நான்தான் பலகையைச் சாய்த்தேன். நாற்காலியைத் தள்ளி உள்ளே விட்டு, கயிற்றை நானே கட்டினேன். லோரிக்காரன் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். சிரில் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பக்கிரி அண்ணே, கை ஏன் நனைஞ்சிருக்கு?”

“வேல செஞ்ச கை, கழுவுனேன்.”

“நாளைக்குப் பூசைக்குப் போலாமில்ல?”

“தாராளமா.”

இரண்டு தரம் மிதியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. கயிறு கட்டும்போது இருந்தது, பின் கதவை அடைக்கும்போதும் இருந்தது. ஆனால் நல்ல பிரேக்குக்கு எதற்கு இரண்டு மிதி என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டிருப்பார். விவரமானவர். அதற்கு நான் என்ன பதில் சொல்ல.

மறுநாள் பூசை முடிந்து திரும்பி வரும்போதுதான் நடந்தது. உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்கள். பத்து தீகா டோல் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றிருக்கின்றன. கடைசியில் நின்றது இரும்புக் கம்பி ஏற்றிய லோரி. கம்பி பின்னால் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது, சிவப்புத் துணி கட்டியிருந்தார்களாம், அது ஒழுங்குதான். டொரத்தி மிதித்திருக்கிறார். “போயிடுச்சி சிரில்” என்று சொன்னாராம். சொல்லிவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தாராம். அந்த நேரத்தில் இன்னொரு தடவை மிதித்திருக்கலாம். பேச எடுத்த நேரம் போதும், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தபோது கம்பி கண்ணாடிக்குள் வந்துவிட்டது.

சிரிலுக்கு ஒன்றுமில்லை. கயிறு தாங்கிக்கொண்டது. பின் கதவை யாரோ வந்து திறக்கும்வரை அவர் அங்கேயே, அந்த அம்மாவின் தலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். வேறு பக்கம் திரும்பவும் முடியாது. முடிச்சை அவிழ்க்க வராமல் கத்தியால் அறுத்தார்களாம். என் முடிச்சு அப்படி.

அடக்கத்துக்கு முந்தின நாள் நான் போனேன். போகாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள். வீட்டில் கூட்டம். பிள்ளைகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தார்கள். சிரிலின் நாற்காலியைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, வழியில் இருந்ததைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவர் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு, “யாரு?” என்றார்.

“நான்தான், பக்கிரி.”

“அண்ணே, கொஞ்சம் திருப்பி விடுங்க. பெட்டி தெரியற மாதிரி.”

திருப்பினேன். நாற்காலிச் சக்கரத்துக்கு ஒரு பிரேக் இருக்கிறது, சின்னக் கம்பி. அதை அழுத்தினேன். ஒரே தடவையில் பிடித்தது. நல்ல நாற்காலி.

“அவ கேட்டா இல்ல” என்றார் சிரில். “ஒரு தடவ கூடக் கீழ போகலன்னு சொன்னீங்க இல்ல.” கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சரிதானா என்று கேட்கிறமாதிரி கேட்டார். நான் ஆமாம் என்றேன். “அப்ப அவதான் சரியா மிதிக்கல போல” என்றார். கண்ணீர் ஒரு கண்ணில் மட்டும் வந்தது, மற்றக் கண்ணுக்கு அந்த நோய். துடைக்க அவருடைய நல்ல கையும் எழவில்லை. பக்கத்தில் துணி இருந்தது. நான் எடுக்கவில்லை. துடைத்துவிட்டால் இன்னும் ஏதாவது கேட்பார் என்று தோன்றியது.

இவ்வளவுதான். டயர் அடுக்கு விஷயம் ரபேலுக்குத் தெரியாது, தவுக்கேக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதால் சொன்னேன். கீழே போனது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் முன் ஆணியில் மாட்டினேன்.

என்னை என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். வண்டியின் முன்பக்கம் அப்பளமாகிவிட்டது, உள்ளே இருந்த ரப்பரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறீர்கள். கம்பெனிக்காரர்கள் வக்கீலோடு வருவார்கள் என்கிறீர்கள். கிழவன் ஒருவன் பழைய டயரில் முட்டியதைச் சொன்னால் கோர்ட்டில் எடுபடுமா என்று மேலே கேட்க வேண்டும் என்கிறீர்கள். கேளுங்கள். இப்போதைக்கு வீட்டுக்குப் போ, ஊரை விட்டுப் போகாதே என்கிறீர்கள். நான் எங்கே போகப்போகிறேன்.

உங்கள் மேசைமேல் அந்தச் சாவியை வைத்தீர்களே, அது எனக்குப் புரிந்தது. சண்முகரத்தினம் விற்ற காஜாவாம், இப்போது வைத்திருக்கிறவர் கொண்டுவந்து விட்டிருக்கிறாராம், வெளியே நிற்கிறதாம். ஏறி உட்காருங்கள், வாசல் கேட்டு வரைக்கும் ஓட்டி, ஒரே ஒரு தடவை மிதியுங்கள், பிடிக்கிறதா பார்க்கலாம் என்கிறீர்கள். வேண்டாம். எனக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. நான் ஓட்டிப் பார்த்த வண்டி அது, நல்ல வண்டி. வேண்டுமானால் உங்கள் ஆள் ஓட்டட்டும். அதோ ஒருவர் ஏறிவிட்டார், எஞ்சின் சத்தம் கேட்கிறது. வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வேறு சொல்கிறார். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் நான் ஏறுவதில்லை என்று முன்னமே சொல்லிவிட்டேன். அந்த அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

இப்போது கேட்டாலும் சொல்வேன், அந்த வண்டிகளில் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. மிதிக்கத் தெரிய வேண்டும். இந்தக் காலத்து ஆட்களுக்கு எல்லாமே முதல் மிதியில் நடக்க வேண்டும்.

காப்பிக்கு நன்றி. நான் நடந்தே போகிறேன். வாசல் நேர் எதிரேதான் இருக்கிறது, தெரிகிறது. வண்டிக்கு முன்னால் குறுக்கே போனால் கிட்டம் என்றும் தெரிகிறது. நான் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். அந்தப் பக்கம் வெயில் கொஞ்சம் குறைவு.